கரண்டியை வைத்துவிட்டுத் தராசை எடுங்கள்: வீட்டுச் சோப்புத் தொழில் கேள்வி–பதில்

வீட்டிலேயே சோப்பு செய்து விற்பவர்களும், இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: எதில் தொடங்குவது? கடையில் கிடைக்கும் சோப் பேஸை உருக்கி ஊற்றுவதா, எண்ணெயோடு காஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தைக் கலந்து நானே செய்வதா?

ப: பெயர்தான் ஒன்று, இரண்டும் வெவ்வேறு தொழில்கள். பேஸ் என்பது யாரோ செய்து முடித்த சோப்பு. அதில் உங்கள் கைவேலை நிறம், மணம், வடிவம் ஆகியவற்றோடு முடிந்துவிடும். இன்று ஊற்றினால் நாளை விற்கலாம். காஸ்டிக் சோடாவை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் எந்த எண்ணெய், எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமை உங்களிடம் இருக்காது. பேஸ் தயாரிப்பவர் சேர்மானத்தை மாற்றினால் உங்கள் சோப்பும் மாறிவிடும்.

காஸ்டிக் சோடா முறையில் எல்லாம் உங்கள் கையில். பதிலுக்கு அது பொறுமையைக் கேட்கும்: ஊற்றிய சோப்பு விற்பனைக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். பரிசுப் பெட்டி, விதவிதமான வடிவம் என்று போகிறவர்களுக்குப் பேஸ் போதும். தினமும் குளிக்க வாங்கி, தீர்ந்ததும் திரும்பி வருகிற வாடிக்கையாளர்தான் வேண்டும் என்றால் இரண்டாவது முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள்.

கே: பேஸில் செய்த சோப்பு மறுநாளே முத்து முத்தாக வியர்க்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

ப: இல்லை. பேஸில் கிளிசரின் அதிகம்; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மேற்பரப்பில் நீர்த்துளியாக நிறுத்துகிறது. அச்சிலிருந்து எடுத்து, ஆறியது உறுதியானதும் உடனே பிளாஸ்டிக் படலத்தால் இறுக்கிச் சுற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து உறைய வைத்தால் வெளியே எடுத்ததும் இன்னும் மோசமாக வியர்க்கும். பேஸைக் கொதிக்க விடுவதும் கூடாது. 55 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகினால் போதும். அதற்கு மேல் சூடானால் நீர் ஆவியாகி, சோப்பு ரப்பர் மாதிரி ஆகும். பழக்கூழ், தேங்காய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் பேஸில் சேர்க்காதீர்கள். சில வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கே: எனக்குக் கிடைத்த செய்முறை கப், கரண்டிக் கணக்கில் இருக்கிறது. நம்பிச் செய்யலாமா? ஒரு அடிப்படைச் செய்முறையைக் கணக்கோடு சொல்ல முடியுமா?

ப: கிழித்துப் போடுங்கள். காஸ்டிக் சோடா செதிலாகவும் வரும், மணியாகவும் வரும். ஒரே கரண்டியில் இரண்டின் எடையும் வேறு. 10 கிராம் கூடினால் தோலைக் கடிக்கும் சோப்பு, 10 கிராம் குறைந்தால் பிசுபிசுப்பான சோப்பு. எண்ணெய், நீர், வாசனை உட்பட எல்லாவற்றையும் கிராமில் நிறுக்க வேண்டும். 1 கிராம் துல்லியமுள்ள தராசு கட்டாயம். 500 கிராமுக்கும் குறைந்த எண்ணெயில் சோதனை செய்வதானால் 0.1 கிராம் துல்லியம் வேண்டும்.

கணக்கு எளிதுதான். ஒவ்வொரு எண்ணெயும் 1 கிராமுக்கு இத்தனை கிராம் காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொள்ளும் என்று ஓர் எண் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.134, ஷியா பட்டருக்கும் (ஷியா கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) விளக்கெண்ணெய்க்கும் 0.128. இப்போது 1,000 கிராம் எண்ணெய்க்கு ஒரு செய்முறை:

தேங்காய் எண்ணெய் 300 கிராம் × 0.183 = 54.9
ஆலிவ் எண்ணெய் 500 கிராம் × 0.134 = 67.0
ஷியா பட்டர் 130 கிராம் × 0.128 = 16.6
விளக்கெண்ணெய் 70 கிராம் × 0.128 = 9.0

மொத்தம் 147.5 கிராம். இதை அப்படியே போட்டால் ஒரு துளி எண்ணெய்கூட மிஞ்சாது. எடையில் சிறு பிழை வந்தாலும் காஸ்டிக் சோடா மிஞ்சிவிடும். அதனால் 5 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம்: 140 கிராம். இப்படிக் கொஞ்சம் எண்ணெயை மிஞ்ச விடுவதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறார்கள். நீர் 280 கிராம், அதாவது காஸ்டிக் சோடாவைப் போல் இரண்டு மடங்கு. நீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். வாசனை 30 கிராம்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஒரு வேலை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் நுரையும் உறுதியும் தரும். 35 சதவீதத்தைத் தாண்டினால் பலருக்குத் தோல் வறண்டு இழுக்கும். ஆலிவ் மென்மையானது; ஆனால் இறுக நாளாகும், அதிகமானால் நுரை வழவழவென்று இருக்கும். ஷியா பட்டர் கட்டிக்கு உறுதியைத் தரும். விளக்கெண்ணெய் நுரையை நிற்க வைக்கும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் கட்டி ஒட்டும்.

செய்யும் விதம்: காஸ்டிக் சோடாவை நீரில் கரைத்து ஆற விடுங்கள். கெட்டியாக இருக்கும் கொழுப்புகளை உருக்கி மற்ற எண்ணெயோடு சேருங்கள். இரண்டும் 35–45 டிகிரிக்கு வந்ததும் கரைசலை எண்ணெயில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரைச் சில நொடி ஓட்டுவது, நிறுத்திக் கையால் கிண்டுவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிளெண்டரைத் தூக்கினால் சொட்டுகிற கோடு மேற்பரப்பில் ஒரு கணம் அழியாமல் நிற்க வேண்டும். அதுதான் டிரேஸ். வாசனையைக் கலந்து அச்சில் ஊற்றி மூடி வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்து அறுக்கலாம். அச்சு சிலிகானாகவோ, பேக்கிங் தாள் விரித்த மரப்பெட்டியாகவோ இருக்கட்டும்.

கே: தேங்காய் எண்ணெய் 200 கிராம் குறைந்தது. அதற்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயைச் சேர்த்தேன். மொத்த எடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் சோப்பு எரிகிறது. ஏன்?

ப: எடை சரி, எண் மாறிவிட்டது. நீங்கள் செய்தது மேலே சொன்னதைப் போன்ற செய்முறை என்றே வைத்துக்கொள்வோம். 200 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 36.6 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே 200 கிராம் ஆலிவுக்கு 26.8 கிராம் போதும். வித்தியாசம் 9.8 கிராம். மொத்தத் தேவை 147.5-இலிருந்து 137.7-ஆக இறங்கிவிட்டது, போட்டதோ 140. சூப்பர்ஃபேட் முழுவதையும் தின்றுவிட்டு மேலும் 2.3 கிராம் காஸ்டிக் சோடா வினையாற்ற எண்ணெய் இல்லாமல் நிற்கிறது.

காப்பாற்றலாம். கையுறையோடு சோப்பைத் துருவி, சிறிது நீர் தெளித்து, ஸ்டீல் பாத்திரத்தில் கொதிநீர் மேல் வைத்து உருக்குங்கள். 72 கிராம் ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் சூப்பர்ஃபேட் மறுபடி 5 சதவீதத்துக்கு வந்துவிடும். மிதமான சூட்டில் ஒரு மணி நேரமாவது விட்டு, அச்சில் அழுத்தி நிரப்புங்கள். பார்க்க மொரமொரப்பாக இருக்கும். வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்காதீர்கள். என்ன போட்டோம் என்பதே நிச்சயமில்லாத சோப்பு என்றால் காப்பாற்றவும் முயல வேண்டாம்.

எரிச்சல் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு நாள் கழித்து ஈர விரலைக் கட்டியில் தேய்த்து நாக்கு நுனியில் தொடுங்கள். பேட்டரியைத் தொட்டதுபோலச் சுளீர் என்றால் காஸ்டிக் சோடா மிச்சமிருக்கிறது. வெறும் சோப்புச் சுவை என்றால் சரி.

கே: வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். காஸ்டிக் சோடாவைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி?

ப: குழந்தைகள் விழித்திருக்கும் நேரத்தில் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். பூட்டிய அலமாரி, பெரிய எழுத்தில் பெயர், இறுக்கமான மூடி. கரைசலைக் குடிநீர் பாட்டிலிலோ டம்ளரிலோ ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது.

கண்ணாடி என்றால் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி போதாது. நீண்ட கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. எப்போதும் நீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் அந்தக் கொஞ்ச நீர் உடனே கொதித்துத் தெறிக்கும். ஒழுங்காகக் கரைத்தாலே கரைசல் 80–90 டிகிரி வரை சூடாகும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஆவி வரும். ஜன்னலோரம் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்டுங்கள். பாத்திரம் ஸ்டீல் அல்லது 5 என்று எண் பொறித்த பாலிபுரோப்பிலீன். அலுமினியம் கூடவே கூடாது: காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கண்ணாடிப் பாத்திரம் முதல் சில முறை தாங்கும். உள்ளே மெல்ல அரிபட்டு, ஒருநாள் சூட்டில் விரிசல் விடும்.

மேலே பட்டால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். வினிகரைத் தேடி ஓட வேண்டாம். அது வினையாற்றி மேலும் சூட்டை உண்டாக்கும், கழுவும் நேரமும் வீணாகும். கண்ணில் பட்டால் இமையை விரித்துக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உடனே மருத்துவமனை.

சாக்கடை அடைப்பு நீக்கும் தூளைச் சோப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். 97 சதவீதத்துக்குக் குறையாத தூய்மையுள்ள காஸ்டிக் சோடாவாகக் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்தால் ஈரம் இழுத்துப் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கழுவுகிற வேலையைக் குறைக்க ஒரு வழி: சோப்புக் கலவை ஒட்டிய பாத்திரங்களை அப்படியே பத்திரமான இடத்தில் மறுநாள் வரை வைத்துவிடுங்கள். ஒட்டியிருப்பதே சோப்பாக மாறியிருக்கும். பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கே: சோப்பின் மேல் வெள்ளைச் சாம்பல் படிகிறது. வாங்குபவர்கள் பூஞ்சை என்கிறார்கள்.

ப: பூஞ்சை இல்லை. இன்னும் வினையாகாத காஸ்டிக் சோடா காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகப் படிகிறது. தோலுக்குத் தீங்கில்லை, கண்ணுக்குத்தான் அசிங்கம். நீரைக் குறைத்துப் பாருங்கள், ஊற்றியதும் காற்றுப் புகாமல் மூடுங்கள், முதல் 24 மணி நேரம் வெதுவெதுப்பாக வைத்திருங்கள். ஏற்கெனவே படிந்ததை நீராவியில் சில நொடி காட்டினால் மறைந்துவிடும்.

கே: இரண்டு மாதம் நன்றாக இருந்த சோப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், காறல் வாடை. என்ன காரணம்?

ப: மிஞ்சிய எண்ணெய் காற்றில் காறிப்போயிருக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். சூரியகாந்தி, சோயா, திராட்சை விதை போன்ற எண்ணெய்கள் சீக்கிரம் காறுபவை. இவை 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். அடுத்து, வாங்கும்போதே பழையதாக இருந்த எண்ணெய். அடுத்து, "தோலுக்கு நல்லது" என்று 8, 10 சதவீதம் என ஏற்றிய சூப்பர்ஃபேட். பலரும் கவனிக்காதது உலோகம்: குழாய் நீரிலுள்ள இரும்பும் செம்பும், உலர்த்தும் துருப்பிடித்த கம்பித் தட்டும் காறலை வேகப்படுத்தும். புள்ளிகள் கம்பியின் வரிசையிலேயே விழுந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

டிஸ்டில்டு வாட்டர், 5 சதவீதத்துக்கு மிகாத சூப்பர்ஃபேட், தாள் விரித்த பிளாஸ்டிக் அல்லது ஸ்டீல் தட்டு, காற்றோட்டமுள்ள இருட்டறை. இந்த நான்கிலேயே தொல்லையில் பெரும்பகுதி அடங்கிவிடும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமானால் சிட்ரிக் அமிலம். 1,000 கிராம் எண்ணெய்க்கு நீரற்ற சிட்ரிக் அமிலம் 10 கிராமை நீரில் முதலில் கரைத்துக்கொண்டு, காஸ்டிக் சோடாவை 6.25 கிராம் கூட்டிப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து சோடியம் சிட்ரேட்டாகி உலோகத்தைப் பிடித்து வைக்கும். கடின நீரில் படியும் அழுக்குப் படலமும் குறையும். 6.25 கிராமைக் கூட்ட மறந்தால் அமிலம் உங்கள் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும், சூப்பர்ஃபேட் தெரியாமலே ஏறும், காறல் இன்னும் சீக்கிரம் வரும். எலுமிச்சைச் சாற்றைக் கண்ணளவில் பிழிபவர்களுக்கு நேர்வதும் இதுவே.

கே: வாசனை எண்ணெயை ஊற்றியதும் கலவை கல்லாகிவிட்டது. அச்சில் ஊற்றவே முடியவில்லை.

ப: சில வாசனைகளுக்கு அது பிறவிக் குணம். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் பெயர் பெற்றவை; பூ வாசனையுள்ள செயற்கைக் கலவைகளிலும் இந்தத் தொல்லை அதிகம். புது வாசனை எதையும் 200 கிராம் எண்ணெய் ஈட்டில் (ஈடு என்றால் ஒரு தடவை ஊற்றும் கலவை) சோதிக்காமல் முழு ஈட்டில் ஊற்றாதீர்கள். ஊற்றும் நாளில் கலவை 35 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். டிரேஸ் வருவதற்குச் சற்று முன்பே பிளெண்டரை எடுத்துவிட்டுக் கையால் கலக்குங்கள். நீரையும் கொஞ்சம் கூட்டலாம்: 140 கிராம் காஸ்டிக் சோடாவுக்கு 320 கிராம் வரை.

இறுகிப்போனதைத் தூக்கி எறிய வேண்டாம். பாத்திரத்தோடு கொதிநீர் மேல் வைத்துச் சூடேற்றினால் இளகி, பாதி ஒளி ஊடுருவும் களி மாதிரி வரும். அழுத்தி அச்சில் நிரப்புங்கள். வனிலா கலந்த வாசனையில் சில நாளில் சோப்பு பழுப்பாகும். அதை மறைக்க முடியாது. பழுப்பையே வடிவமைப்பாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளவு: பொதுவாக எண்ணெய் எடையில் 3 சதவீதம். ஆனால் ஒவ்வொரு வாசனைக்கும் குளியல் சோப்பில் எவ்வளவு வரை போடலாம் என்று தயாரிப்பாளர் ஒரு சான்று தருவார். அதைக் கேட்டு வாங்குங்கள். சான்று தராதவரிடம் வாங்காதீர்கள்.

கே: இயற்கை நிறம் மட்டுமே பயன்படுத்த நினைக்கிறேன். பீட்ரூட், செம்பருத்தி, மஞ்சள் எல்லாம் போட்டுப் பார்த்தேன், எல்லாம் மண் நிறமாகிவிட்டது.

ப: மஞ்சளையாவது மன்னிக்கலாம். பீட்ரூட்டின் சிவப்பும் செம்பருத்தியின் சிவப்பும் காரத்தில் உயிர் வாழாதவை. பீட்ரூட் பழுப்பாகும், செம்பருத்தி நீலம், பச்சை என்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சாம்பல் பழுப்பில் போய் நிற்கும். எவ்வளவு கூடப் போட்டாலும் அதுதான் முடிவு. மஞ்சள் தூள் கலவையில் சிவந்து, ஆறும்போது கடுகு நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் நிற்கும். 1,000 கிராம் எண்ணெய்க்கு 5 கிராம் போதும். மேலே போனால் துவாலையில் கறை. வெயில் பட்டால் வெளுக்கும், ஆகவே உறை போட்டு விற்கும் சோப்புக்கே ஏற்றது.

நிற்கும் நிறங்கள் இவை. ஆரஞ்சுக்கு அன்னாட்டோ விதை: 10 கிராம் விதையை 100 கிராம் ஆலிவ் எண்ணெயில் மிதமாகச் சூடாக்கி, ஊற வைத்து வடிகட்டுங்கள், அந்த எண்ணெயைச் செய்முறையின் 500 கிராமுக்குள் கணக்கில் சேர்க்க வேண்டும், மேலதிகமாக அல்ல. நீலத்துக்கு அவுரித் தூள்: 2 கிராமில் தொடங்குங்கள். இளஞ்சிவப்பு முதல் செங்கல் நிறம் வரை மஞ்சிட்டி வேர். கறுப்புக்கு மரக்கரித் தூள் 5 முதல் 10 கிராம். அதற்கு மேல் போனால் நுரையே சாம்பலாகும். களிமண் வகைகள் எல்லாம் நம்பகமானவை. 15 கிராம் களிமண்ணைச் சிறிது நீரில் குழைத்த பிறகே சேருங்கள், இல்லாவிட்டால் கலவையிலிருந்து நீரை உறிஞ்சிச் சீக்கிரம் இறுக்கும், வெடிப்பும் விடும். ஸ்பைருலினா என்ற பாசித் தூள், வேப்பிலைத் தூள் போன்ற பச்சைகள் முதல் மாதம் அழகாக இருக்கும். வெளிச்சத்தில் காக்கி நிறத்துக்குப் போய்விடும். மேலே தூவும் பூக்களில் சாமந்தியை ஒத்த காலெண்டுலா இதழ் மட்டும் நிறம் மாறாது. லாவெண்டர் பூ பழுப்பாகி, எலிப் புழுக்கை மாதிரி தெரியும்.

கே: ஆட்டுப்பால் சோப்பு பழுப்பாகி, அம்மோனியா வாடை அடித்தது. பால் கெட்டதா?

ப: பால் கெடவில்லை, வெந்துவிட்டது. சூடான காரத்தில் பாலிலுள்ள சர்க்கரை கருகும், புரதம் சிதைந்து அம்மோனியா வரும். வாடை சில வாரத்தில் போய்விடும், நிறம் போகாது. சுலபமான வழி, பாலைக் காஸ்டிக் சோடாவோடு நேரடியாகச் சேர்க்காமலிருப்பது: 140 கிராம் காஸ்டிக் சோடாவை 140 கிராம் நீரிலேயே கரைத்துவிடுங்கள், மீதி 140 கிராமுக்குப் பாலை எண்ணெயில் கலந்து பிளெண்டர் ஓட்டுங்கள். கரைசல் நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள். சம எடைக்கும் குறைந்த நீரில் காஸ்டிக் சோடா முழுதாகக் கரையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பால், தேன் சேர்த்த சோப்பைப் போர்த்தி மூடாதீர்கள். சர்க்கரையால் உள்ளே சூடு ஏறி, நடுவில் வெடித்து அச்சுக்கு வெளியே பொங்கும்.

கே: தனியாகக் கிளிசரின் சேர்க்கலாமா?

ப: தேவையில்லை. 140 கிராம் காஸ்டிக் சோடா வினை முடியும்போது சோப்போடு சேர்ந்து ஏறக்குறைய 107 கிராம் கிளிசரினும் உங்கள் அச்சுக்குள்ளேயே உண்டாகிவிடுகிறது.

கே: "பிஎச் 5.5" என்று உறையில் போட ஆசை. எப்படிக் குறைப்பது?

ப: முடியாது. பிஎச் என்பது அமில–கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்த சோப்பின் பிஎச் 9 முதல் 10.5 வரை இருக்கும். அமிலம் சேர்த்து 5.5-க்கு இறக்கினால் அது பிரிந்து கொழுப்பாக மிதக்கும். அப்படி எழுதி விற்பவை சோப்பல்ல, வேறு வகைச் சலவைப் பொருளால் செய்த கட்டிகள்.

கே: 6 வாரம் காத்திருக்க முடியவில்லை. சூட்டில் வேகவைக்கும் முறையில் செய்தால் உடனே விற்கலாமா?

ப: வேகவைத்தால் வினை அன்றே முடியும். மேலே சொன்ன, வேகவைக்காத முறையிலும் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறதே! காத்திருப்பது வினைக்காக அல்ல. நீர் வெளியேற வேண்டும், கட்டிக்குள் சோப்புப் படிகங்கள் ஒழுங்காக அமைய வேண்டும். ஒரு வாரச் சோப்பு குளியலறையில் கரைந்து ஓடும், நுரையும் கஞ்சத்தனமாக வரும். வேகவைத்ததில் நீர் அதிகம் என்பதால் அதற்கும் 3, 4 வாரம் கொடுங்கள்.

இதில் எடைக் கணக்கும் இருக்கிறது. மேலே சொன்ன செய்முறையில் எண்ணெய் 1,000, காஸ்டிக் சோடா 140, நீர் 280, வாசனை 30 என மொத்தம் 1,450 கிராம். 120 கிராம் வீதம் அறுத்தால் 12 கட்டி. 6 வாரம் கழித்து ஒவ்வொன்றும் 105 கிராமை ஒட்டி நிற்கும், பிறகும் மெதுவாகக் குறையும். உறையில் 100 கிராம் என்றே போடுங்கள். அறுத்த அன்று நிறுத்து 120 என்று அச்சடித்தவர் வாடிக்கையாளரை ஏமாற்றியவர் ஆகிவிடுவார், நினைத்தாலும் நினைக்காவிட்டாலும்.

கே: விலை வைக்கத் தெரியவில்லை. சரக்குச் செலவைப் போல் மூன்று மடங்கு வைத்தால் லாபம்தானே?

ப: பெரும்பாலும் நஷ்டம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த நாணயமானாலும் விகிதம்தான் முக்கியம். ஓர் ஈட்டுக்குச் சரக்குச் செலவு 100 என்று வையுங்கள். 12-ஆல் வகுத்தால் கட்டிக்கு 8.3, மூன்று மடங்கு 25. இதுதான் பலருடைய கணக்கு.

விட்டுப்போனவை: உறை, லேபிள், பெட்டிக்கு 25. மின்சாரம், கையுறை, தேயும் கருவிகளுக்கு 15. அடுத்தது உழைப்பு. நிறுத்து, கலக்கி, கழுவ ஒன்றரை மணி நேரம், அறுத்துச் சீவ 20 நிமிடம், உறை போட்டு லேபிள் ஒட்ட ஒரு மணி நேரம். வாங்கி வருவது, பதில் சொல்வது, அனுப்புவது எல்லாம் சேர்த்து 3 மணி நேரத்தைத் தொட்டுவிடும். இந்த வேலைக்கு வேறொருவரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதைப் போடுங்கள். இங்கே 150 என்று வைப்போம். ஆகமொத்தம் 290. கெட்டுப்போகும் ஈடு, சோதனை, மாதிரிக்காக 10 சதவீதம் சேர்த்தால் 319. ஒரு கட்டியைச் சோதனைக்காக எடுத்து வைத்தால் விற்க மிஞ்சுவது 11. கட்டிக்கு 29! 25-க்கு விற்கிறவர் ஒவ்வொரு கட்டியோடும் 4-ஐக் கையிலிருந்து கொடுத்து அனுப்புகிறார்.

குறைக்கும் வழி சரக்கில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று ஈடு ஊற்றினால் 9 மணி நேரம் ஆகாது, 5 மணி நேரத்தில் முடியும். உழைப்பு ஈட்டுக்கு 83-ஆக இறங்கும், கட்டியின் அடக்கம் 22-க்கு வரும். மட்டமான எண்ணெய் வாங்கி இவ்வளவு மிச்சம் பிடிக்கவே முடியாது.

கடைகளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் நேரடி விலையை முதல் நாளே அதற்கேற்ப வையுங்கள். கடைக்காரர் விற்கும் விலையில் 40, 50 சதவீதம் தமக்கு வேண்டும் என்பார். அடக்கம் 22 உள்ள கட்டியை 35-க்கு நேரடியாக விற்கலாம், லாபமும் இருக்கும். கடைக்குப் பாதி விலைக்குக் கொடுத்தால் 17.5 தான் கைக்கு வரும். பிறகு விலையை ஏற்றினால் பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

கே: என் சோப்பால் சிலருக்குப் படை, முகப்பரு குறைந்ததாகச் சொல்கிறார்கள். உறையில் எழுதலாமா?

ப: எழுதாதீர்கள். நோயைக் குணமாக்கும் என்று எழுதிய நொடியில் பல நாடுகளின் சட்டப்படி அது சோப்பு அல்ல, மருந்து. மருந்துக்கான உரிமமும் சோதனையும் கேட்பார்கள். "மென்மையான நுரை", "வாசனையில்லாதது" என்று எழுதலாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. விற்பனை தொடங்கும் முன் உங்கள் பகுதி அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: குளியல் சோப்பு அழகுப் பொருளில் சேருமா, வீட்டில் தயாரிக்க இடத்துக்கு உரிமம் வேண்டுமா, லேபிளில் எவையெல்லாம் கட்டாயம். மூன்றாவதற்குப் பெரும்பாலும் இவை வரும்: சேர்மானங்கள் அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில், நிகர எடை, ஈடு எண், தயாரித்த தேதி, பயன்படுத்தும் காலம், தயாரிப்பவர் பெயரும் முகவரியும்.

ஈடு எண்ணை அலங்காரமாக நினைக்காதீர்கள். ஒரு நோட்டில் ஒவ்வோர் ஈட்டுக்கும் தேதி, நிறுத்த எடைகள், ஒவ்வோர் எண்ணெயும் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்ற எண், ஊற்றிய சூடு எல்லாம் இருக்க வேண்டும். யாருக்காவது ஒவ்வாமை வந்தால் அந்த ஈட்டின் மீதிக் கட்டிகளை மட்டும் திரும்ப எடுக்கலாம். நோட்டு இல்லாதவர் மொத்தச் சரக்கையும் நிறுத்த வேண்டிவரும்.

கே: எத்தனை வகை வைத்திருக்கலாம்? எவ்வளவு இருப்பு?

ப: முதல் வருடம் நான்கு போதும்: வாசனையில்லாதது ஒன்று, வாசனையுள்ளவை மூன்று. நான்குக்கும் ஒரே அடிப்படைச் செய்முறை இருந்தால் எண்ணெயை மொத்தமாக வாங்கலாம், கணக்கும் மாறாது. 20 வாசனை வைத்திருப்பவரிடம் 15 பாட்டில் காலாவதியாகிக்கொண்டிருக்கும்.

இருப்பு, காத்திருக்கும் காலத்தைப் பொறுத்தது. வாரம் 10 கட்டி விற்றால் 6 வாரம் உலர்த்த, 1 வாரம் உறை போட என 70 கட்டி எப்போதும் தட்டில் இருந்தாக வேண்டும். அதாவது வாரம் ஓர் ஈடு, தவறாமல். ஒரு கண்காட்சிக்கு 100 கட்டி கூடுதலாக வேண்டுமென்றால் அது 10 ஈடு. அவை முழுவதும் 8 வாரத்துக்கு முன்பே ஊற்றப்பட்டிருக்க வேண்டும். தட்டுக்கும் இடத்துக்கும் அதற்கு முன்பே வழி செய்துவிடுங்கள். வலுவான வாசனைகளை வாசனையில்லாத சோப்போடு ஒரே அலமாரியில் உலர்த்தாதீர்கள். 6 வாரத்தில் அதுவும் அதே வாசனையைப் பிடித்துக்கொள்ளும்.